ஆறாவது படுக்கை

கொழுமம் சாலையில் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
ஒன்றரை மணி நேர ஏற்றம்.
தோளில் அளவு நாடா, தூரிகை, விளக்குக்கரி மசி, சுருட்டிய தாள்.
தண்ணீர்க் குடத்தோடு முன்னே பொம்மக்கா,
அவளுக்கும் முன்னே அவள் ஆடுகள்.

சமணக் கோயில் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
கோபுரம் இல்லை. கொடிமரம் இல்லை.
கருவறை என்று பிரித்துச் சொல்ல ஒரு சுவர்கூட இல்லை.
மலை தன் நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தது,
அவ்வளவுதான்.

அந்த நெற்றியில் ஒரு கோடு.
இரண்டு விரல் ஆழம், இருபத்தாறு அடி நீளம்,
புருவம் போல் வளைத்து உளியால் இழுத்தது.
மேலிருந்து வழியும் மழை இதைத் தொட்டதும்
உள்ளே வராமல் வெளியே சொட்ட வேண்டும்.
எங்கள் படிவத்தில் இதன் பெயர் நீர்வடி விளிம்பு.
எனக்கென்னவோ
கூரை என்ற சொல்லின் முதலெழுத்தாகத் தோன்றியது.
ஓடில்லை, உத்தரமில்லை,
மழையிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்.

கோட்டுக்கு மேலே வரிசையாக அமர்ந்தவர்கள்.
முக்குடை கவிந்த தலை,
மடியில் கைமேல் கை.
ஒருவருக்கு மட்டும் பின்னால் நாகம் படம் விரித்திருந்தது.
கிழக்கே பழனியில் இந்நேரம்
முடியிறக்க டோக்கன் வாங்கி நிற்கும் கூட்டம்.
இவர்கள்
முடியைத் தம் விரலாலேயே பறித்துக்கொண்டவர்களாம்.

கீழே வட்டெழுத்து நாலு வரி.
'இத்திருமேனி செய்வித்தார்' வரை தாளில் ஏறியது.
செய்வித்தவர் பேர் வர வேண்டிய இடத்தில்
நீல பெயின்ட்டில் கவின் – ஷாலு.
அவர்களும் ஏதோ செய்வித்தவர்கள்தான்.

உள்ளே ஆறு கற்படுக்கை.
இன்னும் வழவழப்பு. தலைமாட்டில்
நாலு விரல் உயரத்துக்குத் தலையணை, அதுவும் கல்.
"பாண்டவர் படுத்தது" என்றாள் பொம்மக்கா.
பாண்டவர் அஞ்சு பேர், படுக்கை ஆறாச்சே?
"கடைசி பாஞ்சாலிக்கு."
கடைசியில் மட்டும்
தலையணை கால்மாட்டில் இருந்தது.
"சண்டை. திரும்பிப் படுத்துட்டா."

நான் சிரிக்கவில்லை. நாடாவைப் பிடித்தபடி
'குறிப்பு' என்ற கட்டத்தில்
கொத்தர் பிழை என்று எழுதினேன்.

மூன்று மணிக்குக் காற்றாலைகள்
ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு மழை.
ஆடுகள் யாரையும் கேட்காமல் உள்ளே வந்தன.
கோடு வேலை செய்தது.
ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் செய்கிற வேலை, சலிப்பில்லாமல்.
வெளியே நீர்த்திரை,
உள்ளே என் கால்பட்ட தூசுகூட நனையவில்லை.

வலக்கோடியில் மட்டும்
ஒரு வெங்கச்சங்கல் நரம்பு குறுக்கே ஓடியது.
அங்கே உளி தோற்றிருக்கிறது.
தாழ வேண்டிய கோடு ஒரு முழ தூரம் ஏறிப்போய்விட,
நீர் பாறையின் அடிவயிற்றில் ஊர்ந்து வந்து
சொட்டியது,
ஆறாவது படுக்கையில்,
தலை இருந்திருக்க வேண்டிய இடத்தில்.
புளியங்கொட்டை அளவுக்கு அங்கே ஒரு குழி.

வீட்டை விட்டவர், துணியை விட்டவர்,
முடியைப் பிடுங்கும்போதும் முனகாதவர்,
'தலையில் சொட்டுகிறது' என்று கேட்டிருப்பாரா?
அல்லது அவன்,
கோட்டை முதலில் வெட்டி முடித்துவிட்டு
ஒரு மழைக்காகக் காத்திருந்தானா?
எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தபின்
ஒன்றும் சொல்லாமல்
தலையணையை மறுபக்கம் விட்டுச் செதுக்கினானா?

கொத்தர் பிழை என்பதை அடித்தேன்.
பதிலுக்கு எழுத நிறைய இருந்தது.
கட்டம் அரை அங்குலம்.

பொம்மக்காவிடம் சொட்டைக் காட்டினேன்.
அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"பின்னே, கோவம் வராதா அவளுக்கு?"

அதற்குள் கருப்புக் குட்டி ஒன்று
அதில் ஏறிப் படுத்திருந்தது,
தலையை உலர்ந்த பக்கம் வைத்து.