மெய் மட்டும்

டர்பன், விக்டோரியா தெரு, புடவைக் கடைக்கு மேல்மாடி.
பகலெல்லாம் சட்டைக்குக் காலர் தைத்த விரல்களை
மாலை ஆறு மணிக்கு அங்கே கொண்டுபோய் இறக்குவேன்.
பத்து ரெமிங்டன் மெஷின். ஒன்றிலும் எழுத்துத் தெரியாது.
மிஸ் லாசரஸ் வேண்டுமென்றே
கறுப்பு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்:
கண் காகிதத்தில் இருக்கட்டும், விரலுக்கு வழி தெரியும்.

இடது சுண்டுவிரலுக்கு ஏ.
ஊசி ஏறி நகம் செத்த விரல் அது.
முதல் மாதம் நான் அடித்த கடிதங்களில்
ஏ மட்டும் வெளிறிக் கிடந்தது,
கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி.

செவ்வாய், வியாழன் சுருக்கெழுத்து.
மெல்லிய கோடு இழுத்தால் ஒரு ப,
அழுத்தி இழுத்தால் இன்னொரு ப.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
இரண்டுக்கும் ஒரே எழுத்துப் படித்தவளுக்கு
பென்சில் பழக மூன்று வாரம்.
பிறகு வேகம் கூட்ட ஒரு தந்திரம் சொன்னாள்.
அவள் இங்கிலீஷில் சொன்னதை
மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன்:
உயிரை விட்டுவிடு, மெய்யை மட்டும் எழுது.
திரும்பப் படிக்கும்போது
உயிரை நீயே கொடுத்துக்கொள்.
சிரித்துவிட்டேன். ஐந்து மார்க் போயிற்று.

வெள்ளிக்கிழமை, இணைப்பில்லாத டெலிபோனில்
பணிவு பழகினோம்.
"மன்னிக்கவும், துரை மீட்டிங்கில் இருக்கிறார்."
பத்துப் பெண்கள், பத்துத் துரைகள்.
எனக்கு அடுத்த நாற்காலி தெய்வநாயகிக்கு
மீட்டிங் என்றாலே விக்கல் வரும்.

ஒரு பிழைக்குப் பத்துச் சொல் கழிவு.
அப்படியானால்
துறைமுகத்தில் எங்கள் பேரை எழுதிய குமாஸ்தாவுக்கு
எத்தனை கழித்தார்கள்?
படையாட்சி என்றதைக் காற்றோடு காதில் வாங்கி
வாய்க்கு வந்ததை எழுதினான்.
நான்கு தலைமுறையாய்
அவன் பிழையில்தான் கையெழுத்துப் போடுகிறோம்.
கேட்க வாயெடுத்தேன்.
வரி முடிந்ததென்று மெஷின் மணி அடித்தது.

சனிக்கிழமைப் பேப்பரில்
ஸ்டெனோ தேவை, ஸ்டெனோ தேவை, ஒரு பக்கம் முழுக்க.
அடியில் பொடி எழுத்தில்: வெள்ளையர் மட்டும்.
பயிற்சிக்கு வேறு தாள் இல்லாத நாட்களில்
அதையே பார்த்து அடித்தேன்.
நிமிடத்துக்கு ஐம்பது வந்தது அப்படித்தான்.

சர்டிபிகேட்டுக்குப் பிறகு ஏழு மாதம் காலர்தான் தைத்தேன்.
எட்டாம் மாதம், கிரே தெருவில்,
வக்கீல் சொக்கலிங்கத்தின் முன்னறை.
ஆடும் மேசை, காலுக்கு அடியில் மடித்த அட்டை.

மார்க்கெட்டில் மிளகாய் விற்கிற ஒருத்தி வந்தாள்.
பென்ஷன் ஆபீஸ் திருப்பி அனுப்பிய மூன்று காகிதம்,
மூன்றிலும் வேறு வேறு ஆள்.
பிறந்த பதிவில் பாவ்லம்பல்.
கல்யாணப் பதிவில் பவுலாமா.
பெரியா மலையில் துணி துவைத்த வீட்டின் சீட்டில்,
துரைசாணி வைத்த பேர், போலி.
தமிழில் அதற்கு என்ன அர்த்தமென்று
இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்து
மேசை ஆடச் சிரித்தோம்.

"இம்மூவரும் ஒருவரே" என்று
உறுதிமொழிப் பத்திரம் அடிக்க வேண்டும்.
சுலபம். மூன்று கார்பன், கால்மணி நேரம்.
ஆனாலும் கேட்டேன்:
வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?
"எப்படியாவது எழுதும்மா, எல்லாம் ஒண்ணுதான்."
இல்லை, நீங்களே சொல்லுங்கள்.

முந்தானையில் வாய் துடைத்துக்கொண்டாள்,
ஏதோ தின்றுவிட்டு வந்தவள்போல்.
பவளாம்பாள்.
இன்னொரு தரம்.
ப, மெல்லிய கோடு. கடைசி பா, அழுத்திய கோடு.
புள்ளிகளும் குறுங்கீற்றுகளும்
ஒன்று விடாமல் வைத்தேன்.
ஒற்று எங்கே, நெடில் எங்கே
என்று கேட்டுக் கேட்டு.
மிஸ் லாசரஸ் பார்த்திருந்தால்
வகுப்பை விட்டே துரத்தியிருப்பாள்:
அன்று என் வேகம் நிமிடத்துக்கு ஒரு சொல்.

டெலிபோன் அடித்தது.
உள்ளறையில் சொக்கலிங்கம்
கதவைத் திறந்துபோட்டுச் சமூசா தின்றுகொண்டிருந்தார்.
பழகிய குரலில் சொன்னேன்,
"மன்னிக்கவும், மீட்டிங் நடக்கிறது."