வில்லங்கம் இல்லை

காணிப் பதிவகத்தில் மின்விசிறி சுற்றுவதில்லை.
சுற்றினால் நூற்றாண்டுகள் பறந்துவிடும் என்கிறார்
பதிவாளர், சிரிக்காமல்.
மூன்று நாளாய் ஒரே காணியின் பின்னால் போகிறேன்:
சண்டிலிப்பாய், நரியிட்டான் என்னும் காணி,
பரப்பு இருபத்திரண்டு, குழி ஏழு.

கேட்டிருப்பது ஒரு கம்பனி.
கொழும்பில் கந்தோர், ரொறன்ரோவில் பாதிப் பணம்,
மீதி நியூ ஜெர்சியில், குகதாசன்.
பதினெட்டு வீடு, ஒரு நீச்சல் தடாகம்,
பெயர் ‘நல்லூர் ஹைட்ஸ்’.
நல்லூர் அங்கிருந்து ஆறு மைல்.
ஹைட்ஸ்,
பனையைத் தவிர உயரம் காட்ட ஒன்றுமில்லாத தரையில்.

உறுதிகள் பின்பக்கமாய் நடக்கின்றன.
இப்போதைய சொந்தக்காரர் ஒஸ்லோவில்;
அற்றோணித் தத்துவம் மச்சானிடம்.
1987இல் விற்றவன் ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட விற்றான்,
தொகையைப் பார்த்தாலே தெரிகிறது.
1954, செல்லக்கண்டுவுக்குச் சீதனம்.
1911, மலாயாச் சம்பளத்தில் மீட்ட ஈடு.
1862இல் ஒரு புள்ளடி.
கீழே நொத்தாரிசு எழுதியிருக்கிறார்:
‘இது கதிராசி இட்ட அடையாளம்.’
ஏதோ ஒரு பறவை
கடதாசியில் ஒரே ஒரு அடி வைத்துப்
போய்விட்டதுபோல.

இரவில் குகதாசன் அழைக்கிறார், அங்கே பகல்.
பழைய தாள்களில் அவருக்கு ஆசை.
தன் வீடு நிற்கும் ஆற்றங்கரையின் முதல் உறுதியை
நகர மண்டபத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம்;
படம் வருகிறது.
அங்கேயும் ஒரு கம்பனிதான். பங்காளர் பத்தொன்பது பேர்,
பாதிப் பேர் லண்டனைவிட்டு அசையவே இல்லை.
விலை: கம்பளி முப்பது, கேத்தல் எட்டு,
கத்தி, வெடிமருந்து, இரண்டு பீப்பாய் பியர்.
எல்லை: ஆற்றிலிருந்து மேற்கே
ஒரு மனிதன் ஒரு பகலில் நடக்கும் தூரம்.
எந்த மனிதன், எவ்வளவு வேகமாய் என்று இல்லை.
விற்றவரின் பெயருக்கு நேரே
ஆமை ஒன்று வரைந்திருக்கிறது.
நாலு கால், ஓடு, சின்ன வால்.
அவசரமில்லாத கை.

“வடிவான ஆமை, என்ன?”
“ஓம்.”
“அவைக்கு விளங்கியிருக்குமோ, விக்கிறம் எண்டு?”
விளங்கியதா என்பதற்கு எந்த உறுதியிலும் நிரல் கிடையாது.
அதை நான் சொல்லவில்லை.
“எங்கட காணி கிளியர்தானே?”
“இன்னும் தோம்பு பாக்கேல்லை.”

முப்பது வருஷம் தேடினால் போதும், வழக்கம் அவ்வளவுதான்.
மிச்சத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை.
ஆனாலும் எடுத்தேன், ஒல்லாந்தர் தோம்பின் நகலை.
மை மறுபக்கத்துக்குக் கசிந்திருந்தது.
பனை நூற்றிப் பதினொன்று, காய்ப்பது அறுபது.
இலுப்பை நாலு.
கிணறு ஒன்றில் பாதி.
பிறகு
வயிரி, வயிரியின் மகள்.
தகப்பன் பெயர் இல்லை.
அடுத்த வரி எருமை.

அறிக்கையின் கடைசி நிரல் வில்லங்கம்.
பேனை கொஞ்சம் நின்றது.
வயிரியை எந்த இலக்கத்தில் பதிவது?
‘இல்லை’ என்று எழுதினேன்.
அன்றைக்கென்று கையெழுத்து அழகாய் வந்தது.

நேற்று நில அளவையாளரோடு காணிக்குப் போனேன்.
கிணற்றடியில் நவமணி,
தண்ணீர்க் குழாயைத் தோளில் சுற்றியபடி.
உறுதியில் இல்லாதவள், குத்தகைக் கடதாசியும் இல்லாதவள்.
தாயும் இதே கிணற்றில் இறைத்தவளாம்.
அதற்கு முந்தியும் ஆரோ.
நான் மேலே கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்,
“எப்ப அக்கா கம்பி அடிப்பினம்?”
“ஆனி முடிய எண்டு நினைக்கிறன்.”
விரலில் எண்ணிப் பார்த்தாள்.
“அப்ப வெங்காயம் கிண்டிப்போடலாம்.”