பொருந்தாத நிரை

கச்சேரி, இரண்டாம் மாடி. மின்விசிறி
ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
பெயர்களை அழித்த பிறகே தந்தார்கள்:
அஸ்வெசும, பாடசாலை வரவு,
கிளினிக் பதிவு, காணிக் கோப்பு.
மூன்று நாளாய்
இலக்கத்தோடு இலக்கம் கோக்கிறேன்.

கோப்பாய்ப் பக்கத்து நிரையொன்று
சேர மறுத்தது.
ஒன்றில் விதவை, ஒன்றில் மணமானவர்,
ஒன்றில் வெறும் கோடு.
"பிழை, அழிச்சுவிடும்" என்றார் நிமலரூபன்
தேத்தண்ணிக்கு எழும்பியபடி.

பிழையில்லை.
நிவாரணத்துக்கு அவன் இறந்தவன்,
காணி உறுதிக்கு உயிரோடிருப்பவன்;
டொக்டர் கேட்டபோது
அவளுக்கு வாய் வரவில்லை.

வடிகட்டிப் பார்த்தேன்.
இதே மாதிரி நானூற்றுப் பதினொரு நிரை.
அந்த வீடுகளில்தான்
பிள்ளைகள் தரம் பத்தோடு நிற்கிறார்கள்.

புது நிரல் திறந்தேன்.
தலைப்புக் கேட்கிறது திரை.