பட்டை

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து
பாயா தெருபோங் மேட்டில் என்னை இறக்கிவிட்டபோது
மணி ஏழு பத்து.
குன்றின் பாதியை மேகம் தின்றிருந்தது.
லிப்ட் எங்கள் மாடியில் நிற்காது.
பன்னிரண்டில் இறங்கி ஒரு மாடி ஏறவேண்டும்.

நேற்று மாலை பிசைந்து வைத்த மாவு
குளிர்பெட்டியில்
தயிருக்கும் மீன் டப்பாவுக்கும் நடுவே
கல்லாகிக் கிடந்தது.
வெண்ணெய், சீனி, ஒரு முட்டை,
கோதுமை மாவு, சோடா உப்பு.
புளிப்புப் பொடி கேட்டதற்கு
மளிகைக் கடை சியூ பெங் உதட்டைப் பிதுக்கினாள்.
கஸ்தூரி எலுமிச்சை இரண்டைப் பிழிந்துவிட்டேன்.
மாவு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வீட்டில் நான்கு நாளாக
யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நீலமேகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்.
பதினோராயிரம் ரிங்கிட்.
மாதம் எட்டு விழுக்காடு வரும் என்று
காப்பிக் கடையில் ஒருவன் சொல்ல
என்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.
அவன் கைப்பேசி எண் இப்போது பயன்பாட்டில் இல்லை.
'பட்டை நாமம்' என்று
ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.
அன்றிலிருந்து
இரண்டு தட்டு, இரண்டு நேரம்,
கழுவ ஒரே குழாய்.

பட்டையைத்தான் இப்போது இடித்துக்கொண்டிருக்கிறேன்,
சீனியில் கலக்க.
மலாய்க்காரர்கள் இதை இனிப்பு மரம் என்கிறார்கள்.
அவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்துப்
பெயர் வைத்திருக்கிறார்கள்.
நாம், உரித்துப் பார்த்து.

பெரிய நெல்லிக்காய் அளவு உருட்ட நினைத்தாலும்
கை ஒன்றை வளர்க்கிறது, ஒன்றைக் குறைக்கிறது.
வேலையிடத்தில் என் கண்ணுக்குத்தான் சம்பளம்.
உருப்பெருக்கியின் அடியில்
பற்றவைத்த புள்ளியில் மயிரிழை விரிசல் தெரிந்தால்
சிவப்புத் தட்டு.
நேற்று ஆயிரத்து இருநூறு பலகை பார்த்து
முப்பத்தொன்றைத் தள்ளினேன்.

இங்கே சட்டம் வேறு.
அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
உருண்டைகள் தளர்ந்து, படுத்து,
முதுகு வெடிக்கின்றன.
வெடித்தால்தான் தேறியது.
ஒன்பதாவது நிமிடம்
நடுவில் இன்னும் ஈரம், தொட்டால் விரல் பதியும்.
வேகவில்லை, வேகவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும்.
அப்போதே எடுத்துவிட வேண்டும்.
மீதியைத் தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும்.
போன வாரம்
சரியாக இருக்கட்டும் என்று இரண்டு நிமிடம் கூட விட்டேன்.
ஓட்டுச் சில்லு.
சன்னலோரம் வைத்ததை மைனா ஒன்று கொத்திவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்துப் பறந்தது.

இன்று தட்டை வெளியே இழுக்கும்போது
அறைக்கதவு திறந்தது.
கைலியும் கலைந்த தலையுமாக
மூக்கைச் சுருக்கி நின்றார்.
"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?
ஆட்டுக்கறியா?"

நான்கு நாளில் முதல் பேச்சு.
அந்த மூக்கைக் குற்றம் சொல்ல முடியாது.
பட்டை மணந்தால்
பின்னாலேயே வெங்காயம் வரும், கறி வரும் என்று
பிறந்தது முதல் பழகியது.
"செவ்வாய்" என்றேன்.
சிரிப்பை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டேன்.
முழுசாக வேகட்டும்.

ஆறட்டும் என்று சொல்வதற்குள் ஒன்றை எடுத்துவிட்டார்.
சூடு.
இந்தக் கை, அந்தக் கை என்று மாற்றி
ஊதி, பிட்டு,
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார்.
மூன்று மில்லிமீட்டர் பெரிது.
என் கண் தப்பாது.

பதினோராயிரம் அப்படியேதான் இருக்கிறது.
அதாவது, இல்லை.
நாளை காவல் நிலையத்தில் புகார் எழுதவேண்டும்,
வங்கிக்கு அலையவேண்டும்,
நான் சொன்ன சொல்லையும்
யாராவது எடுத்துத்தான் ஆகவேண்டும்.

அவர் மீசையில் சீனி ஒட்டியிருந்தது.
பார்த்தேன்.
பார்த்தபடியே
அடுத்த தட்டை உள்ளே தள்ளினேன்.
ஒன்பது நிமிடம்.