காணாது

லாப் தந்த தாளில்
எல்லா எண்ணும் வரிசையில் நின்றன.
ஒன்று மட்டும் பிந்தி வந்திருந்தது.
"இரும்பு காணாது,"
பேனை முனையால் அதைத் தட்டினார் டொக்டர் பஸ்லியா.
"ஓடுறீங்களா?"
ஓடுகிறேன்.
"என்ன சாப்பிடுறீங்க?"
அதற்கு உடனே பதில் வரவில்லை.

மரைன் டிரைவில் விடிய நாலே முக்கால்.
பாணந்துறைப் பக்கமிருந்து வரும் ரயில்
என்னை முந்திப் போகும், அதில் மானக்கேடு இல்லை.
ஆனால் இந்த மார்கழியில்
பம்பலப்பிட்டி வருமுன்னே
நனைந்த சாக்கை இழுப்பது போல் கால்கள்.
நித்திரை காணாது என்று நினைத்தேன்.
சப்பாத்து பழசு என்று நினைத்தேன்.
ஒருநாள், வயது என்றும் நினைத்தேன்.
முப்பத்து நாலு.

பழைய சோனகத் தெருவில்
ஹாட்வெயார் கடையொன்றில் எனக்குக் கணக்கெழுத்து.
பத்து மில்லிமீட்டர் கம்பி, பன்னிரண்டு, பதினாறு,
ஆணி பெட்டி பெட்டியாய்.
தொன் கணக்கில் இரும்பு
என் கையெழுத்தோடு லொறி ஏறிப் போகிறது.
எனக்குள் ஓர் ஊசிக்குக் கூடக் காணாதாம்.

டொக்டர் மண்ணிறக் குளிசை எழுதித் தந்தார்.
"மிச்சம் சட்டியிலதான்.
சோத்தோட தேத்தண்ணி வேணாம்,
ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிங்க."
குளிசை லேசு.
பதினொரு வருசமாய்
சோற்றுப் பார்சலும் பிளேன்டீயும்
ஒரே கையில் பிடித்துப் பழகியவளுக்கு
அந்த ஒரு மணித்தியாலம்
பத்துக் கிலோமீட்டர்.

பார்மசிக் கண்ணாடிக்குள் ஒரு டின்.
அதன் மேல் ஒருத்தன் ஓடிக்கொண்டிருந்தான்,
ஒரு சொட்டு வியர்வை இல்லாமல்.
விலை, என் அறை வாடகையில் பாதி.
அவனை அங்கேயே ஓடவிட்டு
வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு நடந்தேன்:
கௌபி அரைக் கிலோ,
முருங்கையிலை ஒரு கட்டு, வல்லாரை,
நாலு தேசிக்காய்,
நெத்தலிக் கருவாடு நூறு கிராம்.

தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.
என்னோடு அறையில் இருக்கும் பெனடிக்டா, மன்னார்க்காரி,
கையைத் தட்டிவிட்டாள்.
"தலையை எறிஞ்சிட்டு என்னத்தத் தின்னப்போறாய்?"
முதலாளி கழிவு விலையில் தந்த இரும்புத் தாச்சியில்
தலையோடு பொரிந்தன.
பருப்பை இறக்கித் தேசிக்காய் பிழிந்தோம்.
ஜன்னலில்லாத அறை,
மூன்று நாள் என் தலையணையில் கருவாடு மணத்தது.

சனிக்கிழமை ஓட்டம் முடியும் இடத்தில்
சோமாவதியின் இலைக் கஞ்சி வாளி.
நான் வருவதைப் பார்த்தால்
"யார் துரத்துறது?" என்று சிங்களத்தில் கேட்பாள்.
கஞ்சியின் சூட்டில் பதில் மறந்துபோகும்.
கருப்பட்டித் துண்டு ஒன்று கூட வைப்பாள்,
கேட்காமலே,
காசு எண்ணும்போது அதையும் மறக்காமல்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு தாள்.
"இன்னும் காணாது," என்றார் டொக்டர்.
"ஆனா வருது."
பஸ்ஸில் அந்த இரண்டு சொல்லையும்
நாலைந்து தரம் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
கடைப்பெடியன் பதினொரு மணிக்குத் தேத்தண்ணியோடு வந்தான்.
குடித்தேன்.
சோறு ஒன்றரைக்குத்தானே.

இன்று விடிய பம்பலப்பிட்டி எப்போது கடந்ததென்று தெரியாது.
கடைவாய்ப் பல்லில் நேற்றைய நெத்தலி முள்ளொன்று,
அதை நாக்கால் தள்ளிக்கொண்டே போனேன்.
கொள்ளுப்பிட்டி ஸ்டேஷன் வெளிச்சம் தெரிந்தது.
முள் இன்னும் வரவில்லை.