மந்தை வருவதற்கு முன்

பாஸ்விக் பள்ளத்தாக்கில் செப்டம்பர்.
ரிஸ்டென் தொலைபேசியில் சொன்னாள்:
"பனிமான்கள் இன்னும் கடற்கரையில்தான்.
நாளை மறுநாள் வரை
காடு உன்னுடையது."

என்னுடையதா?
ஐந்து நாய்க்குட்டிகளும்
ஒரு கெட்டுப்போன முழங்காலும் தவிர
என்னுடையது என்று எதுவும் கிடையாது.

ஐந்தும் ஒரே ஈற்று, பத்து மாதம்.
பெயர் வைத்த அன்று துரீட்
ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.
பட்டை, கிராம்பு, சோம்பு, ஏலம்.
கடைசியாகப் பிறந்த சின்னதற்கு
அலமாரியில் மிச்சமிருந்தது உப்பு.

பனி விழுந்ததும் வார் மாட்டுவோம்.
அப்புறம் உலகம் என்பது
முன்னே ஒரு வால், பின்னே ஒரு பாரம்,
இடம் என்றால் இடம்,
வலம் என்றால் வலம்.
அதற்குள் ஒரு தடவை
கோணல்மாணலாக ஓடித் தீர்க்கட்டுமே.

வேனின் கூண்டுக் கதவுகளைத் திறந்தேன்.
ஓடின என்று சொன்னால் போதாது.
கவிழ்த்த மூட்டையிலிருந்து
உருளைக்கிழங்கு சிதறுவதுபோல்
கொட்டின.

ஏலம் எல்லா மரத்துக்கும்
காலைத் தூக்கி விலை கேட்டது.
பட்டை பிர்ச்சின் பட்டையைக் கிழித்து
வெள்ளைக் காகிதமாய்க் கவ்வித் திரிந்தது.
எங்கோ ஒரு குருவி திட்டியது.
பெயரைப் பொய்யாக்கிவிட்டுச் சோம்பு
பைன்களுக்குள் ஒரு கோடாக மறைந்து
வேறெங்கோ இருந்து
வேறு நாய்போல் வெளியே வந்தது.

காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஊதலை வாயில் வைத்தேன்.

ஒன்று.
இரண்டு.
சதுப்பில் இறங்கி வயிறுவரை கறுத்து
பெயருக்குப் பொருத்தமாய்த் திரும்பிய
கிராம்பு, மூன்று.
வெகுநேரம் கழித்து ஏலம்.
மறுபடி ஊதினேன். மறுபடி.
உப்பு
கரைந்துவிட்டது.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
நான்கும் என் பின்னால் வந்தன,
யாரும் கற்றுக்கொடுக்காமலே வரிசையாக.
அந்த மத்தியானம் முழுக்க
அவற்றுக்கு முன்னே போன வால் நான்தான்.

பாசிக்குள் புதைந்தது கால்.
எல்க் ஒன்று உரசிவிட்டுப் போன மரத்தில்
கொத்தாக முடி.
யாரோ கிளையில் மாட்டி மறந்த
கரிபிடித்த காபிப் பாத்திரம்,
உள்ளே மழைநீர், ஒரு வண்டு.
"உப்பு!" என்று கத்தினேன்.
சமையலறையில் கேட்பதுபோல்
கேவலமாக ஒலித்தது.

பத்தொன்பது வருடமாக
இதே சாலையோரம்தான்
நாய்களை இறக்குகிறேன், ஏற்றுகிறேன்.
மேட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு ஏரி இருப்பது தெரியாது.
சின்ன ஏரி. மஞ்சள் இலைகள் மிதந்தன.
நாய்கள் குடித்தன. நானும் குனிந்து குடித்தேன்.
ஒரு கணம் உப்பை மறந்துபோனேன்.
சொல்லிவிடுகிறேன்,
ஒரு கணம் அல்ல.

திரும்பி வந்தால்
வேனுக்கு அடியில் கிடக்கிறது.
பாதத்தில் ஒரு துளி சேறு இல்லை.
காட்டுக்குள் போகவே இல்லை அது.
பெட்டியிலிருந்த பழைய வார் ஒன்றை
இழுத்துப் போட்டு
அதன்மேல் சுருண்டு.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.
தூக்கிக்கொண்டு முதல் பிர்ச் வரை போய்
இறக்கிவிட்டேன்.
ஒரு இலையை முகர்ந்தது, தும்மியது,
என் உள்ளங்கை வியர்வையை நக்கிவிட்டு
அவசரமில்லாமல்
வேனுக்கே நடந்தது.
சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

இரவு ரிஸ்டென் கூப்பிட்டாள்.
"நன்றாக ஓடினவா?"
முழங்காலில் ஐஸ் கட்டியை அழுத்தியபடி
"ஓடினோம்" என்றேன்.
சிரித்தாள். பிறகு,
"மந்தை ஒரு நாள் முன்னதாகவே
கிளம்பிவிட்டது. நாளை விடாதே."

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன்.
நான்கு நாய்கள் தூக்கத்தில்
கால் உதைத்துக்கொண்டிருந்தன,
இன்னும் அந்த மேட்டில்.
உப்பு மட்டும் விழித்திருந்தது.
கதவையே பார்த்துக்கொண்டு.