நாலாவது அறை

கட்டபெட்டில் இறங்கி
தேயிலைச் சரிவில் பத்து நிமிடம் நடந்தால்
வீட்டுக்கு முந்தி புகைதான் தெரியும்.
சுவரிலிருந்து முப்பதடி தள்ளி
தகரக் கூரையின் கீழ் பாய்லர்,
படுத்த எருமை உயரத்தில்.

ஞானதிரவியம் சார் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர்.
"நெருப்பு வெளிய இருக்கணும், சூடு மட்டும் உள்ள வரணும்" என்றார்.
அவர் வரைந்த தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.
சூடாகப் போக ஒரு குழாய்,
ஆறித் திரும்ப ஒரு குழாய்,
தரைக்குள் அறைக்கொரு சுற்று, நாலு அறைக்கு நாலு.
கோத்தகிரியில் அப்படி ஒன்றை எந்த பிளம்பரும் பார்த்ததில்லை.
நானும் பார்த்ததில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.

மழைக்கு முந்தி கான்கிரீட் போட்டாக வேண்டும்.
கொத்தனார் கலவையோடு நிற்கிறார்.
நாலாவது அறை, அந்தி நேரம், கரண்ட் இல்லை.
சுற்றின் இரண்டு முனையையும்
திரும்புகிற குழாயிலேயே மாட்டிவிட்டேன்.
ராத்திரி சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது.
அதற்குள் அதன் மேல் மூன்று அங்குலம்
இறுகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஓட ஒரு காரணம் வேண்டும்.
இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே அழுத்தம் என்றால்
அது அங்கேயே நிற்கும்,
கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவன் மாதிரி.

டிசம்பரில் முதல் நெருப்பு.
மூன்று அறைத் தரையும் கதகதவென்று வந்தது.
நாலாவதில் கால் வைத்தவர் என்னைப் பார்த்தார்.
"காத்து அடைச்சிருக்கும் சார்."
திருகை அரைச்சுற்று திறந்தேன்.
உஸ்ஸென்று கொஞ்சம் வந்தது,
நிஜமான காற்றுதான்.
என் பொய்க்கு அதுவும் துணைக்கு வந்தது.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை
கூலி வாங்காமல் போனேன்.
சாம்பல் வாரினேன்.
புகைக்குழலில் சங்கிலி விட்டு உலுக்கி
கீலை உதிர்த்தேன்.
ஈரச் சீகையைப் போடாதீங்க சார்,
ஒரு வருஷமாவது காயணும்,
கற்பூரக் கட்டை பற்ற வைக்க மட்டும்.
கதவின் கல்நார்க் கயிறு நைந்தால் புதிது.
அடி வால்வைத் திறந்தால் வண்டல்,
முதலில் டீ நிறம், அப்புறம் சுக்குக் காபி,
அப்புறம்தான் தண்ணீர்.
சார் பக்கத்தில் நின்று சூயஸ் கால்வாய் கதை சொல்வார்.
நாலாவது அறை பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.
கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருஷம் ஜனவரி.
சார் தூத்துக்குடியில்.
விடியற்காலை நாலரைக்கு பொன்மலர் டீச்சர் போன்:
"பம்பு நின்னுடுச்சு, மேல்தொட்டி கொதிச்சு வழியுது."
வண்டி சீட்டில் உறைபனி, கையாலேயே துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.
காற்று வாசலை அடைத்தேன்.
எரிகிற கட்டைகளை இடுக்கியால் இழுத்துப் புல்லில் போட்டேன்,
பனி சீறியது.
கெபாசிட்டர் மாற்றினேன். பம்பு முனகிவிட்டு ஓடியது.

டீயோடு வந்தவர் போனை நீட்டினார்.
"சிமெண்ட் போடறதுக்கு முந்தி எல்லாத்தையும் படம் எடுத்து வெச்சேன்."
இரண்டு விரலால் பெரிதாக்கினார்.
என் கை. ஒரே குழாய். இரண்டு முனை.

"எப்பலேர்ந்து தெரியும் டீச்சர்?"
"அந்த டிசம்பர்லேர்ந்து."
"சாருக்கு?"
"சொல்லல. சொன்னா மறுநாளே தரைய உடைப்பாரு."
ஜன்னலைத் திறந்து வைத்து நின்றார்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளை.
அவர் நெற்றியில் வியர்வை.
"ஐம்பத்தொண்ணு ஆச்சு எனக்கு.
ராத்திரிக்கு மூணு தடவ
உள்ளுக்குள்ள யாரோ விறகு போடறாங்க.
இந்த வீட்ல நான் தூங்க முடியற இடம்
அது ஒண்ணுதான்."

மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த மன்னிப்பை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
டீயைக் குடித்தேன்.

"இனிமே சனிக்கிழமைக்குக் காசு வாங்கிக்கோ" என்றார்.
நானூறு என்றேன்.
முந்நூறு என்றார்.